நீதிமன்றம் போகாத வழக்கறிஞர்கள்

யோங் பெங்கில் ஒரு பிள்ளை சட்டம் படிக்கிறது என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “எந்தக் கோர்ட்டுல வாதாடப் போற?” சட்டம் என்றாலே கறுப்பு அங்கி, நீதிமன்றம், குறுக்கு விசாரணை என்றுதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால், சட்டம் படித்தவர்களில் பலர் ஒரு நாள்கூட நீதிமன்றப் படி ஏறாமலேயே பணி ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் வேலை செய்யும் இடம் நிறுவனங்களுக்கு உள்ளேயே இயங்கும் சட்டப் பிரிவு. அதற்குப் பக்கத்து மேசையில் இருப்பது ‘கம்ப்ளையன்ஸ்’ என்று அலுவலகங்களில் அழைக்கப்படும் இணக்கப் பிரிவு. பள்ளிகளில் நடக்கும் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிகளில் இந்த வேலைகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் யோங் பெங்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை மூன்றாம் ஆண்டு. சென்ற நீண்ட விடுமுறையில் செம்பனைத் தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு நிறுவனத்தின் தலைமையகத்தில் பத்து வாரம் வேலையிடப் பயிற்சி மேற்கொண்டேன். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. அந்த மேசைகளில் என்ன வேலை நடக்கிறது, அதற்கும் நம் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் முக்கியம்.

இரண்டு மேசைகள், இரண்டு கேள்விகள்

சட்டப் பிரிவும் இணக்கப் பிரிவும் ஒன்றல்ல. சட்டப் பிரிவு கேட்கும் கேள்வி, “இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நிறுவனத்துக்கு என்ன கடப்பாடு வரும்?” என்பது. இணக்கப் பிரிவு கேட்கும் கேள்வி, “நாம் செய்வதாகச் சொன்னதை உண்மையிலேயே செய்கிறோமா?” என்பது. சில நிறுவனங்களில் இரண்டுக்கும் ஒரே தலைவர் இருப்பார். சிறிய நிறுவனங்களில் இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பார்.

சட்டப் பிரிவில் பெரும்பகுதி நேரம் ஒப்பந்தங்களைப் படிப்பதில் போகிறது. தோட்டத்திலிருந்து ஆலைக்குப் பழக்குலை ஏற்றிச் செல்லும் லாரிக் குத்தகையை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு நான்கைந்து பக்கம்தான். ஆனால், லாரி வழியில் கவிழ்ந்தால் நட்டம் யாருடையது? காப்புறுதி யார் பெயரில்? ஆலை பழுதாகி இரண்டு நாள் பழம் எடுக்காவிட்டால் குத்தகையாளருக்குப் பணம் உண்டா? பாதியில் ஒப்பந்தத்தை முறித்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? இவற்றில் ஒன்றுக்கு விடை எழுதாமல் விட்டாலும் அது பிறகு சண்டையாக வெடிக்கும். சண்டை வராதபடி முன்கூட்டியே எழுதி வைப்பதே இவர்கள் வேலை.

இங்கே மாணவர்களுக்குத் தெரியாத ஒரு விவரம் உண்டு. 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டப்படி, ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வழக்கறிஞர் தொழில் நடத்தும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது. அதனால் நிறுவனச் சட்ட அதிகாரி தன் நிறுவனத்துக்காக உயர்நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட இயலாது. வழக்கு என்று வந்துவிட்டால் வெளியே உள்ள வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்தி, ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்து, கட்டணத்தையும் கண்காணிப்பார்.

இணக்கப் பிரிவின் மேசையில் இருப்பது பெரிய அட்டவணை. எந்த உரிமம் எப்போது காலாவதியாகிறது, எந்த அறிக்கையை எந்த ஆணையத்துக்கு எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், யாருக்கெல்லாம் பயிற்சி கொடுத்தாயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும். சட்டம் மாறும்போது அட்டவணையும் மாறும். அண்மைய எடுத்துக்காட்டு, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2024ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தரவு கசிந்தால் அதைப் பற்றித் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் தரவுகளைக் கையாளும் நிறுவனங்கள் 2025 ஜூன் 1 முதல் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். அபராதத்தின் உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. கசிவு நடந்த பிறகு யாரிடம் சொல்வது என்று தேடினால் 72 மணி நேரம் போதாது. யார், எந்த எண்ணுக்கு, எந்தப் படிவத்தில் சொல்ல வேண்டும் என்பதை முன்பே எழுதி, ஒத்திகையும் பார்த்து வைக்கிறார்கள்.

பரிசுக் கூடையும் 17ஏ பிரிவும்

பெருநாள் காலத்தில் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பரிசுக் கூடை அனுப்புவது நாம் எல்லாரும் பார்த்த வழக்கம். நான் பயிற்சியில் இருந்த இடத்தில் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பதிவேடு இருந்தது. யார் அனுப்பினார், மதிப்பு எவ்வளவு, அந்த நிறுவனம் நம்மிடம் ஏதேனும் டெண்டரில் போட்டியிடுகிறதா, கூடை என்னவாயிற்று என்று நான்கு கட்டங்கள். முதலில் எனக்கு இது கொஞ்சம் மிகையாகத்தான் தோன்றியது. பிஸ்கட் டின்னுக்குப் பதிவேடா?

காரணம் 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு 2020 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் லஞ்சம் கொடுத்த ஆளைத்தான் முக்கியமாகத் தேடுவார்கள். இப்போது, நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர், அதாவது ஊழியரோ இயக்குநரோ நிறுவனத்துக்காகச் சேவை செய்யும் வெளியாளோ, வியாபாரம் பெறுவதற்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகும். தண்டனை, லஞ்ச மதிப்பைப்போல் குறைந்தது 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அந்த அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிர்வாகத்தில் உள்ளவர்கள், தங்கள் சம்மதமின்றி அது நடந்தது என்றும், தடுக்கத் தாங்கள் உரிய கவனம் எடுத்தார்கள் என்றும் நிரூபிக்காவிட்டால் அவர்களும் அதே குற்றத்துக்கு ஆளாவார்கள்.

நிறுவனம் தப்பிக்க ஒரே வழி, லஞ்சத்தைத் தடுக்கப் ‘போதுமான நடைமுறைகள்’ தன்னிடம் இருந்தன என்று காட்டுவது. அந்த நடைமுறைகளுக்குப் பிரதமர் துறை வெளியிட்ட வழிகாட்டி ஐந்து தூண்களைச் சொல்கிறது. மேலிடத்தின் உறுதிப்பாடு, அபாய மதிப்பீடு, கட்டுப்பாட்டு நடவடிக்கைகள், முறையான மறுஆய்வும் அமலாக்கமும், பயிற்சியும் தகவல் பரப்பும். இவற்றின் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘டிரஸ்ட்’ என்று அழைக்கிறார்கள். இந்தப் பிரிவு பெரிய பெர்ஹாட் நிறுவனங்களுக்கு மட்டுமல்ல. நம் ஊரில் உங்கள் மாமா நடத்தும் சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்துக்கும், கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் வணிகத்துக்கும் பொருந்தும்.

அந்தப் பரிசுக் கூடைப் பதிவேடு ‘போதுமான நடைமுறைகளில்’ ஒரு சிறு துண்டு. ஆனால், ஒரு பதிவேடு இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணமாகிவிடாது என்பதை இன்னொரு வேலையில்தான் புரிந்துகொண்டேன்.

மாற்றுச் சாவி யாரிடம்?

யோங் பெங்கைக் கடந்து போகிறவர்களுக்கு நம் ஊர் விரைவுப் பேருந்து நிற்கும் இடம், மீன் உருண்டை வாங்கும் இடம். நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே வந்தால் எங்கும் செம்பனை. ஒரு காலத்தில் அந்தத் தோட்டங்களில் காலைப் பெரட்டுக்கு நின்றவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். இன்று அங்கே நிற்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

அவர்கள் தொடர்பான இணக்க விதிகள் எப்படிக் கடுமையாயின என்பது சட்ட மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய வரலாறு. 2020 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை, எஃப்ஜிவி நிறுவனத்தின் செம்பனை எண்ணெய் தன் துறைமுகங்களில் இறங்குவதைத் தடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று சைம் டார்பி பிளான்டேஷன் நிறுவனத்துக்கும் அதே தடை வந்தது. காரணம், கட்டாய உழைப்பு நடப்பதற்கான அறிகுறிகள். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகளை வகுத்திருக்கிறது. ஏமாற்றுதல், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துதல், சம்பளத்தைப் பிடித்து வைத்தல், மிரட்டல், அளவுமீறிய கூடுதல் நேர வேலை ஆகியவற்றோடு, அடையாள ஆவணங்களைப் பறித்து வைத்தல், கடனால் பிணைத்தல் என்ற இரண்டும் அதில் உண்டு.

சைம் டார்பி பிளான்டேஷன் அதன் பிறகு தன் நடைமுறைகளை மறுஆய்வு செய்தது. வேலைக்கு வருவதற்காக முகவர்களிடம் தொழிலாளர்கள் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சுமார் 8 கோடியே 20 லட்சம் ரிங்கிட் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் அதன் மீதான தடை நீக்கப்பட்டது. இன்று அந்த நிறுவனத்தின் பெயர் எஸ்டி கத்ரி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஓர் ஆண்டு. பிறருடைய கடப்பிதழைச் சட்டப்பூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது மலேசியாவில் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படியே குற்றம். அதாவது, சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புத்தகத்தில் இருந்தது. ஆனாலும் “பத்திரமாக இருக்கட்டும்” என்று தொழிலாளர்களின் கடப்பிதழை முதலாளியே வைத்திருக்கும் வழக்கம் நாட்டின் பல தொழில்துறைகளில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர்கள் தாங்களே வைத்துக்கொள்ளப் பூட்டுப் பெட்டிகள் வரத் தொடங்கியது பல ஆண்டுகள் கழித்துத்தான். புத்தகத்தில் இருக்கும் சட்டத்துக்கும் தங்குமிடத்தில் நடப்பதற்கும் நடுவே, “இது நடக்கிறதா?” என்று நேரில் போய்க் கேட்க ஓர் ஆள் தேவை. இணக்கப் பிரிவின் உண்மையான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பயிற்சியின் ஏழாவது வாரத்தில் நாங்கள் ஒரு தோட்டத்துக்குச் சோதனைக்குப் போனோம். தலைமையகத்தில் இருந்த கோப்பு முழுமையாக இருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தாயிற்று. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் இருக்கிறது. அட்டவணையில் ‘முடிந்தது’ என்று பச்சை நிறம். என்னை அழைத்துச் சென்ற மூத்த அதிகாரி கோப்பை மூடி வைத்துவிட்டுத் தோட்ட அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது?”

மாற்றுச் சாவிகள் எல்லாம் அலுவலக இழுப்பறையில், ஒரே வளையத்தில் இருந்தன. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தொழிலாளர்கள் சாவியைத் தொலைத்துவிட்டால் உதவியாக இருக்குமே என்று வைத்திருந்தார்கள். ஆனால், பெட்டியை இன்னொருவர் திறக்க முடியும் என்றால் அந்தக் கடப்பிதழ் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது? அன்று மாலைக்குள் மாற்றுச் சாவிகளையும் அந்தந்தத் தொழிலாளர்களிடமே ஒப்படைத்தார்கள்.

பிறகு தொழிலாளர்களிடம் பேசினோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த இருவர் இருந்ததால் நான் மொழிபெயர்த்தேன். கிராணியார் அருகில் நின்றபோது எல்லாக் கேள்விக்கும் “நல்லா இருக்கோம்மா” என்ற ஒரே பதில்தான் வந்தது. மூத்த அதிகாரி கிராணியாரை மரியாதையாக வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, எங்களைத் திடல் ஓரத்துக்கு அழைத்துப் போனார். கேள்வியையும் மாற்றச் சொன்னார். “கடப்பிதழ் உங்ககிட்ட இருக்கா?” என்பதற்குப் பதிலாக, “ராத்திரி பத்து மணிக்கு ஊருல இருந்து போன் வந்து உடனே கிளம்பணும்னா, யார்கிட்டயும் கேக்காம கடப்பிதழை எடுத்துட்டுப் போக முடியுமாண்ணே?” என்று கேட்டேன். “இங்க வர எவ்வளவு செலவாச்சு, அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்கா?” என்றும் கேட்டேன். அப்போதுதான் பேச்சு நீண்டது. ஒருவர் தாம் ஊரில் முகவரிடம் கட்டிய தொகையைச் சொன்னார். அது எந்தக் கோப்பிலும் இல்லை. மூத்த அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அந்த முகவர்வழி ஆளெடுப்பதை நிறுத்தி வைத்து விசாரிக்கும்படி அவர் எழுதிய குறிப்பு மறுவாரம் தலைமையகத்தில் மேலே போனது.

இது நம் வீட்டுக் கதையும்தான்

அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்தபோது, பெயர் விவரம் எதுவும் சொல்லாமல், வேலைக்கு வருவதற்கு முன்பே கடன்படும் தொழிலாளர்களைப் பற்றித் தாத்தாவிடம் பேசினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. தம் அப்பா கப்பல் ஏறிய காலத்துக் கதைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். மலாயாவின் ஒப்பந்தக் கூலி முறையில் பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. அந்தக் கடன் அவரை ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டது. 1907ஆம் ஆண்டில் தமிழ்க் குடிவரவு நிதி அமைக்கப்பட்டது. முதலாளிகளிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர்களின் பயணச் செலவைக் கட்டுவது அதன் ஏற்பாடு. நம் பெரியவர்கள் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று நினைவில் வைத்திருப்பது இதன் பிற்காலப் பெயர். 1910ஆம் ஆண்டில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கங்காணி முறை 1938ஆம் ஆண்டு வரை நீடித்தது.

இன்று அனைத்துலக நிறுவனங்களின் கொள்கை ஆவணங்களில் ‘ஆள்சேர்ப்புச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாடு புதுமையான ஒன்றைப்போல் அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் அடிப்படை எண்ணம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டதால் மட்டும் தோட்டப் பாட்டாளியின் துன்பம் தீர்ந்துவிடவில்லை என்பதும் நமக்குத் தெரியும். எழுதிய விதி தங்குமிடம் வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, அன்று பெரும்பாலும் யாரும் இல்லை.

‘வேண்டாம்’ என்ற சொல் எங்கே போகிறது?

இணக்கப் பிரிவு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நம் நாடே சாட்சி. 2012, 2013ஆம் ஆண்டுகளில் 1எம்டிபி நிறுவனத்துக்காக மூன்று கடன்பத்திர வெளியீடுகளின்வழி 650 கோடி அமெரிக்க டாலரைத் திரட்டிக் கொடுத்தது கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி. உலகின் மிகப் பெரிய முதலீட்டு வங்கிகளில் ஒன்று அது. சட்ட, இணக்கப் பிரிவுகளில் ஆளுக்கும் அறிவுக்கும் அங்கே குறைவில்லை. ஜோ லோவைத் தங்கள் வங்கியின் வாடிக்கையாளராக ஏற்கவே அந்தப் பிரிவினர் மறுத்திருந்தார்கள். 1எம்டிபி வெளியீடுகளில் அவருக்குப் பங்கு உண்டா என்ற சந்தேகமும் எழுந்தது. வியாபாரத்தைக் கொண்டுவந்த குழு “இல்லை” என்றது. அந்தப் பதிலை மேற்கொண்டு துருவிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

முடிவு நமக்குத் தெரியும். 2020 ஜூலையில் மலேசிய அரசாங்கத்தோடு 390 கோடி டாலர் மதிப்பிலான உடன்பாடு. அதில் 250 கோடி ரொக்கம், 140 கோடி சொத்து மீட்புக்கான உத்தரவாதம். அதே ஆண்டு அக்டோபரில் அந்த வங்கியின் மலேசியத் துணை நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தாய் நிறுவனம் 290 கோடி டாலருக்கும் மேல் கட்ட உடன்பட்டது.

சந்தேகப்படும் அறிவு அங்கே இருந்தது. ஆனால், அந்தச் சந்தேகத்துக்குக் கையெழுத்தை நிறுத்தி வைக்கும் பலம் இல்லை. அதனால்தான் இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் ஒரு நிறுவனத்தை எடைபோடும்போது கொள்கைப் புத்தகத்தின் தடிமனைப் பார்ப்பதில்லை. இணக்கப் பிரிவின் தலைவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று பார்க்கிறார்கள். விற்பனை இலக்கை எட்ட வேண்டிய மேலாளருக்கே அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தால், அவரது ‘வேண்டாம்’ அந்த அறையைத் தாண்டாது. இயக்குநர் வாரியத்தின் தணிக்கைக் குழுவுக்கு நேரடியாகப் போய்ச் சொல்ல முடிந்தால் நிலைமை வேறு.

இந்த வேலையில் இருக்கும் ஒரு சங்கடத்தையும் மறைக்கக்கூடாது. இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அதே நிறுவனம். திடல் ஓரத்தில் அந்தத் தொழிலாளி மனம் திறந்தபோது, நாங்கள் அவர் பக்கத்து ஆளா, நிறுவனத்து ஆளா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. திரும்பும் வழியில் மூத்த அதிகாரியிடமே கேட்டேன். நாம் நிறுவனத்தின் ஆள்தான், அதை அவர்களிடம் மறைக்கக்கூடாது என்றார். நிறுவனத்துக்கு நீண்ட நாள் நன்மை எது என்று சொல்வது நம் கடமை, பெரும்பாலும் அது அந்தத் தொழிலாளிக்கும் நன்மையாக இருக்கும், இல்லாத நாளில் என்ன செய்யப் போகிறாய் என்பதை வேலைக்குச் சேருமுன் யோசித்துவை என்றார். அந்தப் பதிலில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால், நேர்மையான பதில் என்று தோன்றியது. ஊழலோ முறைகேடோ கண்டவர் அமலாக்க அமைப்புகளிடம் தெரிவித்தால் அவரைப் பாதுகாக்க 2010ஆம் ஆண்டுத் தகவலளிப்பவர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதையும் மாணவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் இந்த வேலைக்குப் போகலாம்?

சட்டப் பிரிவுக்குச் சட்டப் பட்டம் வேண்டும். பல நிறுவனங்கள், உள்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ சிஎல்பி தேர்வோ முடித்து, ஒன்பது மாதப் பயிற்சியும் பெற்று வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர்களையே விரும்புகின்றன. சில ஆண்டுகள் வழக்கறிஞர் நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு இங்கே வருகிறவர்கள் அதிகம்.

இணக்கப் பிரிவின் வாசல் அகலமானது. நான் இருந்த பிரிவில் கணக்கியல், மனிதவளம், தகவல் தொழில்நுட்பம் படித்தவர்கள் இருந்தார்கள். வங்கி, காப்புறுதித் துறைகளில் பணமோசடித் தடுப்புக்கென்றே இணக்க அதிகாரிகள் தேவைப்படுகிறார்கள். இன்னொரு வழி, நிறுவனச் செயலாளர் பணி. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குறைந்தது ஒரு செயலாளராவது இருக்க வேண்டும். அதற்கான தொழில்முறைத் தேர்வுகளை எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா முடித்தவர்களும் படிப்படியாக எழுதி முன்னேறலாம்.

வாய்ப்பு குறையப் போவதில்லை. கட்டாய உழைப்பால் உருவான பொருள்களை விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கும் தடை 2027 டிசம்பரில் நடப்புக்கு வருகிறது. ஏற்றுமதி செய்யும் எந்த மலேசிய நிறுவனமும் தன் தோட்டத்தில், தொழிற்சாலையில், குத்தகையாளரிடத்தில் என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும். அதைக் கண்டறிய மூன்று மொழி பேசுகிறவர்கள் வேண்டும். தலைமையக அறிக்கை ஆங்கிலத்தில், அரசாங்கக் கடிதம் மலாயில், திடல் ஓரத்துப் பேச்சு தமிழிலோ வேறு மொழியிலோ இருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்தது வேலைச் சந்தையில் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது.

இன்றே தொடங்கலாம்

இந்தப் பழக்கத்துக்குப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எஸ்பிஎம் முடித்து, நெடுஞ்சாலை ஓரக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வேலைக்குச் சேரும் நாளிலேயே நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். இரண்டாவது, சம்பளம் எவ்வளவு? குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கு என்றால் 8.72 ரிங்கிட். மூன்றாவது, எந்தத் தேதியில் கிடைக்கும்? சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கிடைக்க வேண்டும். சம்பளச் சீட்டும் இபிஎஃப், சொக்சோ பிடித்தமும் சரியா என்று பாருங்கள். நான்காவது, உங்கள் அடையாள அட்டையை யாராவது “பத்திரமா வச்சிருக்கேன்” என்று கேட்டால், எதற்கு என்று கேளுங்கள், கொடுக்காதீர்கள். அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்.

நான்கையும் பணிவாகக் கேட்கலாம். நல்ல முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்களுக்கு ஒரு முக்கியமான விவரம் தெரிந்துவிட்டது என்று பொருள்.